சென்டினல் தீவில் இந்தியச் சட்டம் செல்லுமா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். அந்தமானின் வடக்கு சென்டினல் தீவில் கால் வைத்தால் ஜெயில் என்கிறார்களே, உண்மையா? அங்கே போனவரை அந்தத் தீவின் பழங்குடி மக்கள் கொன்றுபோட்டால் மட்டும் ஏன் யாரையும் கைது செய்வதில்லை? அப்படியானால் இந்தியச் சட்டம் அந்தத் தீவில் செல்லாதா? மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்குள் உறுத்துவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: அந்த மக்களைச் சட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்களா? இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதை விளக்கக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. போர்ட் பிளேரில் 20 ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் தொழில் பார்த்தவன். (2024-ல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாய் பழகவில்லை.) அப்பா மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பழங்குடிக் காப்பகத்துக்குள் நண்டு பிடிக்கவும் கடல் அட்டை எடுக்கவும் போய் மாட்டிக்கொண்ட மீனவர்கள் சிலருக்காக ஆஜராகியிருக்கிறேன். அதனால் சட்டம் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். மானுடவியல் நான் படித்ததல்ல. சென்டினல் தீவை, தெளிவான ஒரு நாளில் விமான ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பச்சைக் காடு, அதைச் சுற்றி வெள்ளை மணல், அதைச் சுற்றிப் பவளப்பாறையில் உடையும் அலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

தீவுக்குள் போவதைத் தடுக்கும் சட்டத்தின் பெயர் அந்தமான் நிக்கோபார் தீவுகள் (பழங்குடியினர் பாதுகாப்பு) ஒழுங்குமுறை, 1956. கோர்ட்டில் வெறுமனே ‘ரெகுலேஷன்’ என்போம். நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றியது இல்லை. இந்தத் தீவுகள் போன்ற பிரதேசங்களுக்கு நேரடியாகச் சட்டம் போடும் அதிகாரத்தை அரசியலமைப்பு குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. இன்று அது 240-வது பிரிவில் இருக்கிறது. அந்த வழியில் வந்த ஒழுங்குமுறை என்பதால் வலு குறைவு என்று நினைக்க வேண்டாம். நாடாளுமன்றச் சட்டத்துக்கு என்ன வலுவோ அதே வலுதான் இதற்கும்.

சாரம் எளிது. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஓர் இடத்தை நிர்வாகம் அறிவிக்கை போட்டுக் காப்பகமாக்கலாம். அதற்குப் பிறகு வெளியாள் அங்கே நிலம் பெற முடியாது, வியாபாரம் செய்ய முடியாது, பாஸ் இல்லாமல் நுழைய முடியாது. வடக்கு சென்டினலில் தீவு முழுக்கக் காப்பகம். ஏறத்தாழ 60 சதுர கி.மீ. காடு, போர்ட் பிளேரிலிருந்து மேற்கே சுமார் 50 கி.மீ. தூரம். தீவோடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள கடலும் காப்பகத்துக்குள் வருகிறது. பலருக்குத் தெரியாதது இந்தக் கடைசி விஷயம்தான். மணலில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, படகு கோட்டைத் தாண்டினாலே குற்றம். அந்தக் கோடு கரையிலிருந்து 5 கி.மீ. என்று அரசுக் குறிப்புகளில் பார்த்திருக்கிறேன். செய்திகளில் 5 கடல் மைல் என்று வரும், அது 9 கி.மீ.க்குச் சற்று அதிகம். படகு வைத்திருப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, பெரிய எண்ணை நம்புங்கள் என்றுதான்.

தண்டனை ஆரம்பத்தில் லேசாகத்தான் இருந்தது. 2012 ஜனவரியில், பஸ்ஸிலும் காரிலும் வந்த சுற்றுலாப் பயணிகள் முன்னால் ஜாரவா என்ற இன்னோர் அந்தமான் பழங்குடியின் பெண்களை ஆட வைத்த வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது. அந்த ஆண்டே ஒழுங்குமுறையைத் திருத்தினார்கள். பாஸ் இல்லாமல் போவது மட்டுமில்லை, படம் எடுப்பதும், பழங்குடியினரைக் காட்டிச் சுற்றுலா விளம்பரம் செய்வதும் குற்றமாயின. கடுமையான வகைக் குற்றங்களுக்கு 7 ஆண்டு வரை சிறை. ஆக, முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், ஜெயில்தான்.

இந்த இடத்தில் மெயின்லேண்டிலிருந்து வரும் நண்பர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள். “நம்ம நாட்டுக்குள்ள நான் எங்க வேணா போலாமே, அடிப்படை உரிமை ஆச்சே?” சரிதான், 19-வது பிரிவு இந்தியக் குடிமகனுக்கு நாடு முழுக்க நடமாடும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அதே பிரிவின் 5-வது உட்பிரிவை யாரும் படிப்பதில்லை. பொதுநலனுக்காகவோ, பட்டியல் பழங்குடியினரின் நலனைக் காக்கவோ அந்த உரிமைக்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசியலமைப்பு எழுதியவர்களுக்கு இது பின்னால் வந்த யோசனை இல்லை, முதல் நாளே தெரிந்திருந்தது. சென்டினல் மக்கள் அந்தப் பட்டியலில் பெயரோடு இருக்கிறார்கள். எளிதில் அழியும் நிலையிலுள்ள பழங்குடிகள் என்று நாடு முழுவதும் பிரித்து வைத்திருக்கும் 75 குழுக்களிலும் அவர்கள் உண்டு.

இப்போது ஒரு வினோதம். சட்டப்படி அவர்கள் பிறப்பால் இந்தியக் குடிமக்கள், பட்டியல் பழங்குடியினர், மக்கள் தொகைக் கணக்கில் இடம்பெறுபவர்கள். இந்தியா என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 15 பேர், 12 ஆண், 3 பெண். முந்தைய 2001-ல் 39. இந்த எண்களை வைத்துக்கொண்டு “பத்து வருடத்தில் பாதிக்கு மேல் அழிந்துவிட்டார்கள்” என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும். படகில் தூரத்தில் நின்று, கரைக்கு வந்து நின்றவர்களை மட்டும் எண்ணிய கணக்கு அது. காட்டுக்குள் எத்தனை பேர் என்று அதில் எப்படித் தெரியும்? 50 முதல் 200 வரை என்று மற்ற மதிப்பீடுகள் சொல்கின்றன. அதுவும் ஊகம்தான்.

ஊகமும் உண்மையும் கலந்து கிடப்பது மக்கள் தொகையில் மட்டும் இல்லை. “60,000 வருடமாக அந்தத் தீவில் தனியாக வாழ்கிறார்கள்” என்று வாட்ஸ்அப்பில் வரும். அந்தமானின் மற்ற குடிகளிடம் மரபணு ஆய்வு செய்திருக்கிறார்கள். சென்டினல் மக்களிடம் யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததில்லை. அந்தத் தீவுக்கு அவர்கள் எப்போது வந்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. “கற்கால மனிதர்கள்” என்பதும் தப்பு. 1981-ல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அங்கே பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது, ஹெலிகாப்டர் வந்துதான் மாலுமிகளைத் தூக்கிச் சென்றது. அந்தக் கப்பலின் இரும்பை எடுத்து அம்பு முனையாகத் தட்டி வைத்துக்கொண்டவர்கள் எந்தக் காலத்து மனிதர்கள்? நம் காலத்து மனிதர்கள்தான், கையில் கிடைத்ததை நம்மைவிட நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள். நரமாமிசம் தின்பார்கள் என்பதற்குத் துளி ஆதாரம் கிடையாது. மொழியைப் பொறுத்தவரை, ஓங்கே என்ற இன்னோர் அந்தமான் குடியைச் சேர்ந்தவர்களை உடன் அழைத்துப் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்கே புரியவில்லை. சென்டினல் மக்கள் தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொள்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. சென்டினல் என்பது தீவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர்.

உறுதியாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு நாம் வேண்டாம். இதை ஏதோ காட்டு வெறி என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு 1880-ஐ ஞாபகப்படுத்துவேன். மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு அந்தத் தீவில் இறங்கினார். மக்கள் காட்டுக்குள் மறைந்துவிட்டார்கள். பல நாள் தேடி, ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் நோய் கண்டது, பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் குழந்தைகள் என்ன நோயை வீட்டுக்குக் கொண்டுபோயின என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கதையைத் தீவில் எத்தனை தலைமுறை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. இது என் கற்பனை, ஆதாரம் கேட்காதீர்கள்.

மற்ற குடிகளுக்கு நடந்ததோ கற்பனை இல்லை. 1858-ல் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பு தொடங்கியபோது பெரிய அந்தமானியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதற்குப் பின் வந்த இருபது ஆண்டுகளில் தட்டம்மையும் மேக நோயும் அவர்களை வாரிக்கொண்டு போயின. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19. எழுத்துப் பிழை இல்லை, பத்தொன்பது பேர். இன்று சில பத்துப் பேர் அரசு கொடுக்கும் ரேஷனில் ஸ்ட்ரெய்ட் தீவில் இருக்கிறார்கள். 2010-ல் போவா என்ற மூதாட்டி இறந்தபோது போ என்ற மொழியும் அவரோடு போய்விட்டது. ஓங்கேக்கள் 1901-ல் 672, இன்று நூறை ஒட்டி. ஒழுங்குமுறை எதற்கு என்று என்னிடம் கேட்டால் நான் சட்டப் பிரிவைச் சொல்வதில்லை, இந்த எண்களைத்தான் சொல்வேன்.

இந்திய அரசும் ஆரம்பத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1967-ல் இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனத்தின் டி.என்.பண்டிட் இருந்த குழு முதல்முறையாகத் தீவில் இறங்கியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவ்வப்போது படகில் போய்ப் பரிசுகளைக் கரையில் போட்டுவிட்டு வருவார்கள். 1974-ல் ஆவணப்படக் குழு ஒன்றும் கூடப் போனது. கட்டிப்போட்ட பன்றி ஒன்று, ஒரு பொம்மை, அலுமினியப் பாத்திரங்கள் எல்லாம் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்கள். பன்றியையும் பொம்மையையும் மண்ணில் புதைத்துவிட்டு, பாத்திரத்தையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டு போனார்கள் தீவு மக்கள். படத்தின் இயக்குநருக்குத் தொடையில் ஓர் அம்பு. தேங்காய் அந்தத் தீவில் விளைவதில்லை, அதனால் அதற்கு மட்டும் எப்போதும் மரியாதை உண்டு. 1991 ஜனவரியில் மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இருந்த குழு போனபோதுதான், தீவு மக்கள் முதல்முறையாகத் தண்ணீருக்குள் இறங்கி வந்து கையால் தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் ஓர் இளைஞன் வில்லை வளைத்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனைத் தள்ளிவிட, அம்பு தண்ணீரில் விழுந்தது.

அவ்வளவு நெருங்கிய பிறகு ஏன் நிறுத்தினார்கள்? என்னைக் கேட்டால் இதுதான் முழுக் கதையின் நடு இடம். 1990-களின் நடுவில் அரசு இந்தத் தேங்காய்ப் பயணங்களைக் கைவிட்டது. கொடுத்து என்ன பயன், வாங்கி அவர்களுக்கு என்ன பயன் என்ற கேள்வி வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஜாரவாக்களுக்கு நடந்தது அந்த முடிவு சரிதான் என்று காட்டிவிட்டது. 1996-ல் கால் உடைந்து கிடந்த ஒரு ஜாரவா பையனைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்து, திருப்பி அனுப்பினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். 1997 முதல் ஜாரவாக்கள் காட்டை விட்டு ரோட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். 1999-ல் அவர்களுக்குத் தட்டம்மை வந்தது. அப்புறம் புகையிலை, சாராயம், வீடியோ எல்லாம் வரிசையாக வந்தன. அதே 1999-ல் எங்கள் ஊர் வக்கீல் ஒருவர், ஜாரவாக்களைப் பொது நீரோட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று பொதுநல வழக்குப் போட்டார். எங்களுக்கு உயர் நீதிமன்றம் கொல்கத்தாதான். கோர்ட் நிபுணர் குழு அமைத்தது. கடைசியில் 2004-ல் வந்த ஜாரவா கொள்கை வழக்குப் போட்டவர் கேட்டதற்கு நேர் எதிராக இருந்தது: தலையீட்டை முடிந்த அளவு குறை. வழக்கு எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்று வக்கீலுக்கே தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

சென்டினல் விஷயத்தில் இன்றைய கொள்கையை ‘கண் மட்டும், கை வேண்டாம்’ என்று சொல்லலாம். படகில் தூரத்தில் சுற்றிவந்து பார்ப்பார்கள், மேலிருந்து பார்ப்பார்கள், இறங்க மாட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவன் வில்லை வளைத்த படம் எல்லோருக்கும் தெரியும். அந்த நிலநடுக்கத்தில் தீவே மேலெழும்பி, மீன் பிடித்துக்கொண்டிருந்த பவளத் திட்டுகள் வெளியே வந்துவிட்டன. கடற்கரையே மாறிப்போயும் அவர்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

“மருத்துவம், படிப்பு எதுவும் கொடுக்காமல் விடுவது மனிதாபிமானமா?” என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு நம் நோய்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்பதைச் சோதித்து யாரும் நிறுவவில்லை. பெரிய அந்தமானியர்கள் 625 பேர் எப்படி 19 ஆனார்கள் என்பதை வைத்துச் செய்யும் அனுமானம் அது. ஆனால் தப்பாகப் போனால் திருத்த முடியாத விஷயத்தில் அனுமானத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அந்தச் சங்கடம் எனக்கும் இருக்கிறது. ஒரு பெண் பிரசவத்தில் சாகலாம், அது நம் டாக்டரால் தடுக்கக் கூடியதாக இருந்திருக்கலாம். இதை நியாயப்படுத்த என்னிடம் வாதம் இல்லை.

சரி, இரண்டாவது கேள்வி. கொலை செய்தால் ஏன் வழக்கு இல்லை?

வழக்கு இல்லை என்பதே முழு உண்மை இல்லை. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மதம் பரப்பும் நோக்கத்தோடு அங்கே போய்க் கொல்லப்பட்டார். அதில் பெயர் தெரியாத நபர்கள் மீது கொலை வழக்கு பதிவானதாக அப்போது செய்தி வந்தது. ஒரு மனிதர் செத்தால் எஃப்ஐஆர் போட்டுத்தான் ஆக வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டமோ, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ, சென்டினல் தீவுக்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. 1956 ஒழுங்குமுறையும் “பழங்குடியினரைக் கைது செய்யக் கூடாது” என்று சொல்லவில்லை. இந்தியச் சட்டம் அந்தத் தீவில் செல்லும்.

ஆனால் ஒரு நிமிடம் கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள். கைது செய்யப் போலீஸ் இறங்க வேண்டும். இறங்கினால் சண்டை, சண்டையில் அங்கேயோ இங்கேயோ சாவு. யாரையாவது பிடித்துக் கொண்டுவந்தாலும் சாட்சி கிடையாது, அடையாள அணிவகுப்பு கிடையாது, அவர் மொழி தெரிந்த ஓர் ஆள் உலகத்தில் வெளியே கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 318 என்று ஒரு பிரிவு உண்டு. சித்தம் கலங்கியவர் இல்லை, ஆனால் கோர்ட்டில் நடப்பதை எப்படியும் புரியவைக்க முடியவில்லை என்ற நிலையிலுள்ள குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்ன செய்வது என்பதற்கான பிரிவு. காது கேளாத, வாய் பேசாதவர்கள் விஷயத்தில்தான் அதை எடுப்போம். விசாரணையைத் தொடரலாம், குற்றவாளி என்று முடிவானால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஏட்டில் அப்படி ஒரு வழி இருக்கிறது. அதற்குள் அந்த மனிதர் ஜெயிலில் ஜலதோஷத்தில் செத்திருப்பார். 1880 திரும்ப நடந்திருக்கும், இந்த முறை கோர்ட் முத்திரையோடு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தற்காப்பு உரிமை என்று ஒன்று நம் தண்டனைச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்தாலே கொல்லலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆபத்து என்று நியாயமாகப் பயந்தவர், அந்தப் பயத்துக்கு ஏற்ற அளவில் தடுக்கலாம் என்றுதான் அர்த்தம். முதலில் எச்சரிக்கை அம்பு விட்டு, திரும்பிப் போகச் சைகை காட்டி, அதற்கும் மேல் ஒருவர் மறுநாளும் வந்தால், அந்த மக்களின் பயம் நியாயமானதா என்று ஒரு கோர்ட் கேட்க வேண்டியிருக்கும். சாவ் விஷயத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. நான் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீலாக இருந்தால் இந்த வாதத்தை எடுத்திருப்பேன், ஜெயித்திருப்பேனா என்பது வேறு. இதைச் சோதித்துப் பார்த்த தீர்ப்பு எதுவும் கிடையாது. ஜாரவாக்கள் விஷயத்தில் கிட்டே வந்த சம்பவம் ஒன்று உண்டு: 2015-ல் காப்பகத்துக்குள் ஒரு பச்சைக் குழந்தை கொல்லப்பட்டது, சந்தேகம் ஒரு ஜாரவா மேல். கைதானது அந்தப் பிரச்சினையில் தொடர்புடைய வெளியாட்கள் இருவர். ஜாரவா மேல் கை வைக்கலாமா என்று போலீஸ் தயங்கி நின்றது.

2018 வழக்கிலும் கைதானது நம் ஆட்கள்தான். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ராத்திரியில் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்களும், ஏற்பாடு செய்தவர்களும், மொத்தம் ஏழு பேர். இறந்தவரின் குடும்பமே மன்னித்துவிட்டோம் என்றும், உதவியவர்களை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னது. உடலை மீட்கப் போன போலீஸ் படகு தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டுத் திரும்பியது. மானுடவியலாளர்கள் வேண்டாம் என்றார்கள், உடல் இன்றும் அங்கேதான். இதற்கு முன் 2006 ஜனவரியில் இரண்டு மீனவர்கள், தூங்கும்போது படகு அடித்துக்கொண்டுபோய்க் கரையேறிக் கொல்லப்பட்டார்கள். தேடப்போன ஹெலிகாப்டரையும் அம்புதான் வரவேற்றது. அந்த இருவருக்கு உலகச் செய்தி கிடையாது.

எனக்கு மறக்க முடியாத கட்சிக்காரர் ஒருவர் உண்டு. காப்பகத்துக்குள் பிடிபட்டவர். “அது போகக் கூடாத இடம்னு தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியும் சார். யாரும் போகாத இடத்துலதானே நண்டு இருக்கும்?” என்றார். பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. காப்பகக் கடலை யாரும் தொடாததால்தான் அங்கே மீனும் நண்டும் கொழிக்கின்றன. கொழிப்பதால்தான் ஆள் போகிறான். ஒழுங்குமுறையின் நிஜமான எதிரி பைபிளோடு வருகிற ஒருவர் இல்லை, டீசல் கடன் உள்ள படகுக்காரர். ஆனால் பேப்பரில் வருவது முன்னவர் மட்டும்தான்.

வெளிநாட்டவர் விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே இதில் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டவருக்கு 1963-ல் வந்த ஓர் உத்தரவின்படி தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதி என்று தனியாக ஒன்று இருந்தது. 2018-ல் உள்துறை அமைச்சகம் சுற்றுலாவை வளர்க்க 29 தீவுகளுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று தளர்த்தியது, அந்தப் பட்டியலில் வடக்கு சென்டினலும் இருந்தது. அதைப் படித்த பலர் “தீவைத் திறந்துவிட்டார்கள்” என்று எழுதினார்கள். இல்லை. அது வெளிநாட்டவருக்கான பூட்டு. பழங்குடி ஒழுங்குமுறை என்ற இன்னொரு பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் மனிதர் யாரும் போகக் கூடாத ஒரு தீவைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்த்தவர் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம். சில மாதத்தில் சாவ் வந்தார்.

2025 மார்ச் கடைசியில் இன்னோர் அமெரிக்கர், 24 வயது, ரப்பர் படகில் மோட்டார் கட்டிக்கொண்டு போனார். விசில் அடித்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. சில நிமிடம் கரையில் இறங்கி, ஒரு டயட் கோலா கேனையும் தேங்காயையும் வைத்துவிட்டு, மணல் எடுத்துக்கொண்டு, வீடியோவும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாளில் கைது. சாகசம் என்று சிரித்தவர்கள் உண்டு. அந்தக் கேனில் அவர் எச்சில் இருந்ததா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒழுங்குமுறையில் எனக்கு உண்மையான கவலை எங்கே என்றால், அதன் பாஸ் என்ற கதவிலும் அறிவிக்கை என்ற சாவியிலும்தான். காப்பகமாக்கும் அதிகாரம் யாரிடமோ, அதைச் சுருக்கும் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. லிட்டில் அந்தமானில் ஓங்கே காப்பகத்தின் ஒரு பகுதியை 1970-களில் அப்படித்தான் எடுத்தார்கள். ஜாரவா காட்டுக்குள் போகும் அந்தமான் ட்ரங்க் ரோட்டின் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-ல் உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் வரிசை கட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இப்போது கிரேட் நிக்கோபாரில் துறைமுகத் திட்டத்துக்காக 84 சதுர கி.மீ.க்கு மேல் பழங்குடிக் காப்பகத்தை விலக்கும் பேச்சு நடக்கிறது, அங்கே ஷோம்பென் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். சென்டினலில் துறைமுகத்துக்கு வசதி இல்லை, சுற்றிலும் பவளப்பாறை. சட்டத்தோடு அந்தப் பாறையும் அவர்களைக் காப்பாற்றுகிறது என்று நாங்கள் பார் ரூமில் பேசிக்கொள்வோம்.

கடைசியாக, கேள்வியில் ஒரு ஓரமாக “தூரத்தில் நின்று பார்க்க டூர் உண்டா” என்றும் இருந்தது. கிடையாது. கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்களையும் சேர்த்து 7 ஆண்டு வரை சிறை என்ற ஆபத்துக்குள் இழுக்கிறார். பாய்மரப் படகோ மீன்படகோ ஓட்டுபவராக இருந்து, இன்ஜின் நின்று அந்தப் பக்கம் அடித்துப் போனால் மட்டும் இதைக் கேளுங்கள்: கரைக்கு நீந்தாதீர்கள், பிரிம்ரோஸ் மாலுமிகள் போலப் படகிலேயே இருங்கள். நங்கூரம் போடுங்கள், ராத்திரியில் ஒருவராவது விழித்திருங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் சேனல் 16, போன் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல் படைக்கு 1554.